போதைப்பொருள் வழக்கில் ஜாமீன்: வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

கடந்த சில வாரங்களாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பிள்ளையோ கணவரோ தம்பியோ போதைப்பொருள் வழக்கில் சிறையில் இருக்கிறார்; ஜாமீன் கிடைக்கவில்லை; ஏன் என்று யாரும் புரியும்படி சொல்லவில்லை. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகன் சரக்கு வேனில் கிளீனராக இருந்தவன். வழியில் வண்டியை மறித்துச் சோதனை போட்டு, சரக்குக்கு அடியில் 22 கிலோ கஞ்சா இருந்தது என்று ஓட்டுநரோடு அவனையும் கைது செய்தார்கள். ஏழு மாதம் ஆகிறது. இரண்டு முறை மனு தள்ளுபடி ஆகிவிட்டது. எங்கள் தெருவில் அரைக் கிலோவோடு பிடிபட்ட பையன் பத்து நாளில் வந்துவிட்டான். கொலை வழக்கில் போனவர்கூட மூன்று மாதத்தில் வந்துவிட்டார். என் மகனுக்கு மட்டும் ஏன் இப்படி? (ஒரு தாய், தேனி மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் மகனுக்கும் அந்தப் பையனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உண்டாக்கியது தராசு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், பிடிபட்ட பொருளின் அளவை வைத்துக் குற்றத்தை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராம், 250 கிராம். மெத்தபெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். சிறு அளவுக்குத் தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு.

ஜாமீனைப் பொறுத்தவரை, வணிக அளவு என்று எழுதப்பட்ட உடனேயே சட்டத்தின் 37ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கிறது. 1989இல் சேர்க்கப்பட்டு 2001இல் திருத்தப்பட்ட இந்தப் பிரிவின்படி, வணிக அளவு வழக்குகளிலும், போதைப்பொருள் கடத்தலுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லப்படும் 27ஏ போன்ற சில பிரிவுகளிலும், அரசு வழக்கறிஞருக்கு எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புத் தர வேண்டும். அவர் எதிர்த்தால், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று நம்புவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன என்றும், வெளியே வந்தால் அவர் எந்தக் குற்றமும் செய்ய வாய்ப்பில்லை என்றும் நீதிமன்றம் மனநிறைவு அடைந்தாக வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஜாமீன் இல்லை. சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டுமன்றி உயர் நீதிமன்றத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு.

கொலை வழக்கில் இப்படியொரு நிபந்தனை கிடையாது. அங்கே நீதிமன்றம் குற்றத்தின் தன்மை, சாட்சிகளைக் கலைக்கும் வாய்ப்பு, தலைமறைவாகும் வாய்ப்பு, புலன்விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டு முடிவு செய்யும். சிறையில் அடைப்பதைவிட ஜாமீனே அடிப்படை விதி என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977இல் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். வணிக அளவு வழக்குகளில் 37ஆம் பிரிவு அந்த விதியைத் தலைகீழாக்கிவிட்டது. இது கடுமையான சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கடுமை பெரிய வியாபாரியின் மீதும் கிளீனர் பையன் மீதும் ஒரே கனத்தோடு விழுவதுதான் என்னை வருத்துகிறது.

இனி உங்கள் மகனுக்காகப் பார்க்க வேண்டியவை. 22 கிலோ என்பது எல்லைக்கு மிக அருகில் இருக்கும் கணக்கு. அந்த எடை சாக்கும் பாலித்தீன் பொட்டலமும் சேர்ந்ததா, நீங்கலாகவா என்பதைப் பறிமுதல் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில், வரி வரியாகப் பாருங்கள். மேலும், சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி; அந்த நுனி சேராத இலையும் விதையும் தனியே கஞ்சா ஆகா. மகஜரிலும் ஆய்வக அறிக்கையிலும் பொருள் எப்படி விவரிக்கப்பட்டிருக்கிறது என்பது இங்கே முக்கியம். ஆனால், போதைப்பொருளில் வேறு பொருள் கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டதால், ஹெராயின் போன்ற வழக்குகளில் தூய பொருள் எவ்வளவு என்ற பழைய வாதம் இனி எடுபடாது.

அடுத்தது, தெரிந்தே வைத்திருந்தாரா என்ற கேள்வி. பொருள் கைவசம் இருந்தது என்று காட்டப்பட்டுவிட்டால், அதைப் பற்றி அறிந்திருந்தார் என்று அனுமானிக்க 35, 54 ஆகிய பிரிவுகள் இடம் தருகின்றன. மறுத்து நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீது விழுகிறது. சரக்கை ஏற்றியபோது உங்கள் மகன் அங்கே இருந்தானா, வண்டி யாருடையது, அவன் எத்தனை நாளாக அந்த வேலையில் இருந்தான், கூலி யார் கொடுத்தார்கள், அவன்மேல் முன்வழக்கு உண்டா, ஓட்டுநருக்கும் சரக்கின் உரிமையாளருக்கும் இடையே நடந்த பேச்சில் அவன் பெயர் வருகிறதா என்ற விவரங்கள் இதற்கு முன் தள்ளுபடியான இரண்டு மனுக்களில் இருந்தனவா என்று பாருங்கள். 'நிரபராதி, ஏழைக் குடும்பம்' என்ற இரண்டு வரியோடு மனுப் போட்டால், 37ஆம் பிரிவின் கீழ் மனநிறைவு அடைய நீதிபதிக்கு எதுவுமே கொடுக்காதது போலாகிவிடும். குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தால் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, சூழ்நிலை மாறியிருப்பதைக் காட்டி மீண்டும் மனுச் செய்யலாம்.

கேள்வி: சிறு அளவு வழக்கில் காவல் நிலையத்திலேயே ஜாமீன் தர வேண்டும் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: நீதிமன்றங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சிறு அளவுக் குற்றம் ஜாமீனில் விடத்தக்கது என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கருதியது. இந்தச் சட்டத்தின் எல்லாக் குற்றங்களும் ஜாமீனில் விட முடியாதவையே என்று மும்பை உயர் நீதிமன்றம் 2020 அக்டோபரில் கூறியது. நடைமுறையில் சிறு அளவு வழக்குகளுக்கு 37ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனை பொருந்தாததால் நீதிமன்றத்தில் ஜாமீன் பெரும்பாலும் விரைவில் கிடைத்துவிடும்.

ஆனால் மாணவர்களுக்கு இதைவிடப் பயன்படக்கூடியது 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், உட்கொண்ட குற்றத்துக்கோ சிறு அளவு தொடர்பான குற்றத்துக்கோ ஆளாகியிருந்து, அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கான வழக்கு நடவடிக்கையிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். இந்தப் பிரிவைப் பயன்படுத்திக் கேட்கும் மனுக்கள் மிகக் குறைவாகவே வருகின்றன. பிள்ளையைக் காப்பாற்ற நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: என் தம்பியிடம் ஒரு கிராம்கூடப் பிடிபடவில்லை. பிடிபட்டவர் கொடுத்த வாக்குமூலத்தில் அவன் பெயரைச் சொன்னார் என்பதற்காகவும், இருவரும் அடிக்கடி போனில் பேசினார்கள் என்பதற்காகவும் தேடுகிறார்கள். முன்ஜாமீன் கிடைக்குமா? (வாசகர், திருவள்ளூர்)

பதில்: வாக்குமூலத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். 67ஆம் பிரிவின் கீழ் விசாரணை அதிகாரி வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 29 அன்று, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு, வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் போன்றவற்றின் அதிகாரிகள் சீருடைக் காவலர் அல்லர் என்பதால் அவர்களிடம் சொன்னது சாட்சியம் ஆகும் என்ற வாதம், தமிழ்நாட்டிலிருந்து சென்ற அந்த வழக்கோடு முடிந்தது. அதற்கு முன்பு, அப்படிப்பட்ட வாக்குமூலத்தில் பெயர் வந்தது என்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் உண்டு.

தொலைபேசி அழைப்பு விவரங்கள் மட்டும் போதுமா என்பதில், வேறு ஆதாரம் இல்லாதவர்களுக்குத் தரப்பட்ட ஜாமீனை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் மறுத்து, அந்த விவரங்களை விசாரணையின்போது பார்த்துக்கொள்ளலாம் என்றது. ஆகவே உங்கள் தம்பி தரப்பில் நல்ல வாதம் இருக்கிறது. ஆனால் பேச்சோடு பணப்பரிமாற்றம், ஒரே இடத்தில் இருந்ததைக் காட்டும் கோபுரப் பதிவு, வாட்ஸ்அப்பில் சரக்கின் விலை பேசிய செய்தி ஆகியவை சேர்ந்திருந்தால், 29ஆம் பிரிவின் கீழ்க் கூட்டுச்சதி என்று சொல்ல அரசுத் தரப்புக்கு அடித்தளம் கிடைத்துவிடும்.

முன்ஜாமீன் வேறு விஷயம். மேற்சொன்ன தூஃபான் சிங் தீர்ப்பின் பயனை வழக்கமான ஜாமீன் கட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம், முன்ஜாமீனில் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் கூறியது. வணிக அளவு வழக்கில் முன்ஜாமீன் கிடைப்பது மிகவும் அரிது. தலைமறைவாக இருக்கும் ஒவ்வொரு நாளும் பின்னால் போடப்போகும் ஜாமீன் மனுவுக்கு எதிராகவே எழுதப்படும் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சோதனையில் சட்டமுறை எதையும் பின்பற்றவில்லை. இதைச் சொன்னாலே ஜாமீன் கிடைத்துவிடும் என்று எங்கள் வழக்கறிஞர் உறுதியாகச் சொல்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: ஒரு காலத்தில் அந்த உறுதிக்கு இடம் இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. உடலைச் சோதிக்கும் முன், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு; 2010இல் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிப்படுத்தியது. ஆனால் இது உடலுக்கு மட்டும். கையில் வைத்திருந்த பைக்கோ வண்டிக்கோ பொருந்தாது என்று 2005லேயே தீர்ப்பு வந்துவிட்டது. கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிற 42ஆம் பிரிவு கட்டிடம், மூடிய இடம் போன்றவற்றுக்கு. பொது இடத்தில் நடந்த பறிமுதலுக்கு 43ஆம் பிரிவு.

மாதிரி எடுப்பது பற்றிய 52ஏ பிரிவில்தான் அண்மையில் அதிக வாதம் நடக்கிறது. நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்காததும், அதில் தாமதம் செய்ததும் மட்டுமே ஜாமீனுக்குக் காரணம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காக இந்தக் குறைகளை மனுவில் எழுதாமல் விடக் கூடாது. மகஜரில் ஒரு நேரம், முதல் தகவல் அறிக்கையில் வேறொரு நேரம். பொட்டலங்கள் எட்டு என்று ஓரிடத்தில், ஆய்வகத்துக்குப் போனவை ஆறு என்று இன்னோரிடத்தில். முத்திரை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இப்படிப்பட்ட முரண்கள் சேர்ந்து வரும்போது, பறிமுதல் நடந்ததே சந்தேகம் என்ற இடத்துக்கு நீதிபதியைக் கொண்டுபோக முடியும். அப்போது அது 37ஆம் பிரிவு கேட்கும் 'நியாயமான காரணம்' ஆகிறது.

கேள்வி: 180 நாள் ஆனால் தானாகவே வெளியே விட்டுவிடுவார்களா? (வாசகி, திருச்சி)

பதில்: தானாக எதுவும் நடக்காது, கேட்க வேண்டும். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் இறுதி அறிக்கை, அதாவது குற்றப்பத்திரிகை, தாக்கல் செய்யப்படாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். வழக்கறிஞர்கள் இதை டீஃபால்ட் பெயில் என்பார்கள். இடைப்பட்ட அளவில் இந்தக் கெடு 60 நாள். 37ஆம் பிரிவு இந்த உரிமையைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. நீதிமன்றக் காவலில் வைத்த முதல் நாளையும் சேர்த்தே நாளை எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது.

கெடு முடிந்தும் மனுப் போடாமல் இருந்து, அதற்குள் இறுதி அறிக்கை தாக்கலாகிவிட்டால் உரிமை போய்விடும். மனு முதலில் போடப்பட்டுவிட்டால், பிறகு அவசர அவசரமாகத் தாக்கல் செய்யப்படும் அறிக்கையால் அதை முறியடிக்க முடியாது. சென்னையில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் தொடர்ந்த ஒரு வழக்கில் இப்படித்தான் நடந்தது; மனுத் தாக்கலான பிறகு கொண்டுவரப்பட்ட கூடுதல் புகாரை ஏற்க மறுத்து, 2020 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீனை உறுதி செய்தது. 180 நாளை ஓராண்டு வரை நீட்டிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு, புலன்விசாரணையின் முன்னேற்றத்தையும் இன்னும் காவலில் வைக்க வேண்டிய குறிப்பான காரணத்தையும் சொல்லி அரசு வழக்கறிஞரே அறிக்கை தர வேண்டும். புலனாய்வு அதிகாரியின் கடிதத்தை அப்படியே முன்னனுப்புவது போதாது. ஆகவே 170ஆம் நாளிலேயே வழக்கறிஞரிடம் போய் நாளை எண்ணிச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் உள்ளே போய் நான்கு ஆண்டு முடிந்துவிட்டது. இருபது சாட்சிகளில் மூன்று பேரைத்தான் விசாரித்திருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை இப்படியே இருக்க வேண்டியதுதானா? (ஒரு மனைவி, இராமநாதபுரம்)

பதில்: இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் சட்டத்தில் இன்று ஓரளவு வெளிச்சம் இருக்கிறது. 1994இல் உச்ச நீதிமன்றச் சட்ட உதவிக் குழு தொடர்ந்த வழக்கில், பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை உள்ள போதைப்பொருள் வழக்குகளில் ஐந்தாண்டு உள்ளே இருந்துவிட்ட விசாரணைக் கைதிகளை, ஒரு லட்சம் ரூபாய்ப் பிணையிலும் இரு ஜாமீன்தாரர்களின் பேரிலும் விட உத்தரவிடப்பட்டது. அது அன்றைய நெருக்கடிக்காகப் பிறப்பித்த ஒருமுறை உத்தரவுதான். ஆனால் அதன் பின்னிருந்த எண்ணம், விசாரணையை விரைந்து நடத்த முடியாத அரசு, விசாரணைக் கைதியைக் காலவரையின்றி வைத்திருக்க முடியாது என்பது, இன்றும் நிற்கிறது.

2023 மார்ச் 28 அன்று நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு, ஏழாண்டுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவருக்கு ஜாமீன் தந்தபோது, 37ஆம் பிரிவின் நிபந்தனைகளை எழுத்துக்கு எழுத்து பொருத்தினால் ஜாமீன் என்பதே இல்லாமல் போய்விடும் என்றும், ஆவணங்களை மேலோட்டமாகப் பார்த்தே மனநிறைவு அடையலாம் என்றும், தேவையற்ற தாமதத்தின் பேரில் ஜாமீன் தருவதற்கு 37ஆம் பிரிவு விலங்கு ஆகாது என்றும் கூறியது. அதே ஆண்டில், மூன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த ஒடிசா வழக்கு ஒன்றிலும், நீண்ட சிறைவாசம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்கே எதிரானது என்று சொல்லி ஜாமீன் தரப்பட்டது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு, எவ்வளவு காலம் சிறையில் இருந்தார் என்பதும் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்பதும் தம்மளவில் 37ஆம் பிரிவைத் தாண்டப் போதாது என்று கூறி, தரப்பட்ட ஜாமீனை ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் அதைக் காட்டுவார். உங்கள் வழக்கறிஞர் 2023 தீர்ப்புகளைக் காட்டுவார். எது எடுபடும் என்பது தாமதம் யாரால் ஏற்பட்டது என்பதில் பெரிதும் தங்கியிருக்கிறது. ஆகவே வழக்கின் நாட்குறிப்பு நகலை வாங்குங்கள். எந்தெந்தத் தேதியில் சாட்சி வரவில்லை, எத்தனை முறை சிறையிலிருந்து கைதியைக் கொண்டுவர வழிக்காவல் கிடைக்கவில்லை, எத்தனை வாய்தா நம் தரப்பு கேட்டது என்று ஒரு தாளில் எழுதி மனுவோடு சேர்க்கச் சொல்லுங்கள். நம் தரப்பு வாய்தாக்கள் அதிகமாக இருந்தால் அந்தத் தாள் நமக்கு எதிராகவே பேசும். முன்வழக்கு இல்லாதது, சிறையில் ஒழுங்காக இருந்தது, குழந்தைகளின் நிலை ஆகியவை, வெளியே வந்தால் குற்றம் செய்ய வாய்ப்பில்லை என்ற 37ஆம் பிரிவின் இரண்டாவது நிபந்தனைக்கு உதவும்.

நான்கு ஆண்டு என்பது ஒரு குழந்தை நடக்கவும் பேசவும் பள்ளிக்குப் போகவும் தொடங்கிவிடும் காலம். கடைசியில் விடுதலை என்று தீர்ப்பு வந்தால், அந்த நான்கு ஆண்டுக்கு யாரும் கணக்குச் சொல்லப்போவதில்லை. போதைப்பொருள் ஊரை அழிக்கிறது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதனால்தான் இந்த வழக்குகள் விரைந்து நடந்து, குற்றவாளி தண்டனை பெறவும் மற்றவர் வீடு திரும்பவும் வேண்டும் என்று கேட்கிறேன்.

கேள்வி: ஜாமீன் கிடைக்கும் நேரத்தில் குண்டர் சட்டத்தைப் போட்டுவிட்டார்கள். இது எப்படி? (வாசகர், சென்னை)

பதில்: தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆவது சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளி என்ற வகையும் இருக்கிறது. இது தண்டனைச் சட்டமன்று, தடுப்புக் காவல் சட்டம். அதிகபட்சம் 12 மாதம் வைக்கலாம். இதற்கு ஜாமீன் மனு கிடையாது. அரசுக்கும் அறிவுரைக் குழுவுக்கும் முறையீடு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு ஆகியவையே வழி. ஏற்கனவே சிறையில் இருப்பவர் மீது இந்த உத்தரவு போட வேண்டுமானால், அவர் ஜாமீனில் வெளிவரும் உண்மையான வாய்ப்பு இருந்ததைக் காட்ட வேண்டும் என்றும், ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது பொதுவாக அந்த வாய்ப்பு இல்லை என்றும் 2011இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. உத்தரவுத் தேதியையும் ஜாமீன் மனுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஜாமீன் உத்தரவு வந்து மூன்று வாரம் ஆகிறது, ஜாமீன்தாரர் கிடைக்காததால் அண்ணன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். இதில் எப்போதும் கைப்பேசியில் இருப்பிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. (வாசகி, விழுப்புரம்)

பதில்: கூகுள் மேப்பில் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்கு எப்போதும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியுரிமைக்கு எதிரானது என்று, 2024 ஜூலை 8 அன்று போதைப்பொருள் வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் நீக்கியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனுவை, ஜாமீன் தந்த நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யுங்கள்.

ஜாமீன்தாரர் விஷயத்தில், உத்தரவு வந்து ஏழு நாளுக்குள் கைதி வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் அண்ணன் வழக்கில் அப்படித் தெரிவிக்கப்பட்டதா என்று ஆணைக்குழு அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணில் அழையுங்கள். வழக்கு எண், சிறையின் பெயர், ஜாமீன் உத்தரவின் தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிணைத்தொகையைக் குறைக்கவோ ஜாமீன்தாரர் எண்ணிக்கையைக் குறைக்கவோ அவர்களே வழக்கறிஞரை வைத்து மனுப் போட்டுத் தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.